ஊரடங்கும் பணியளிப்போர் பொறுப்பும்

பொதுமக்கள் ஊரடங்கிற்குக் கட்டுப்படுவது காவல் துறையின் கண்டிப்பைப் பொறுத்தது என்று பலரும் கருதுவர். வேலைக்குச் செல்லும் வயதினரைப் பொறுத்தவரை, அது அவர்களுக்கு வேலை அளிப்பவரின் முடிவையே பெரிதும் சார்ந்துள்ளது. 2020-ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் திருவனந்தபுரம் இதனைத் தெளிவாகக் காட்டியது.

கேரள அரசு மார்ச் 23 அன்று முடக்கத்தை அறிவித்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் கீழ் நாடு தழுவிய ஊரடங்கு மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. கழக்கூட்டத்தில் 1990-இல் தொடங்கப்பெற்ற டெக்னோபார்க்கின் மென்பொருள் நிறுவனங்கள் தம் பணியாளரை வீட்டிலிருந்தே பணிபுரியச் செய்தன. இதற்கு அரசும் வழிவிட வேண்டியிருந்தது. தொலைவிலிருந்து சேவையளிக்கும் நிறுவனங்களின் ஊழியர் வீட்டிலிருந்து பணிபுரிவதற்குரிய பிணைத்தொகை, ஒப்பந்தம் ஆகிய நிபந்தனைகளைத் தொலைத்தொடர்புத் துறை மார்ச் 13 அன்றே தளர்த்தியிருந்தது. கணினியும் மாத ஊதியமும் வீடு தேடி வந்தபின், வெளியே செல்ல வேண்டிய தேவை எழவில்லை.

அதே நகரின் தெற்கே, சாலைக் கடைவீதியை ஒட்டிய ஆரியசாலையில் நிலைமை வேறு. அரிசி மூட்டையை வீட்டிலிருந்து இறக்க முடியாது. உணவுப் பொருள் வணிகத்திற்கு ஊரடங்கிலிருந்து விலக்கு இருந்ததால் லாரிகள் வர வேண்டியிருந்தது. வந்தால் சுமை இறக்க ஆள் வேண்டும். சுமை தூக்குபவர் ஒரே நாளில் பல கடைகளுக்கு வேலை செய்கிறார். அவருக்குக் காய்ச்சல் கண்டால், 'இன்று வராதே, கூலி உண்டு' என்று சொல்ல வேண்டிய முதலாளி யார்? ஊழியர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளவருக்கு நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அத்திட்டத்திற்கு வெளியே இருப்பவர் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவதைக் குற்றமாகக் கருதுவது எளிது; அவ்வாறு கருதுவது நியாயமாகாது.

முழு ஊதியத்தையும் வழங்குமாறு மத்திய உள்துறை அமைச்சகம் மார்ச் 29 அன்று ஆணையிட்டது. நோக்கம் நன்று; ஆயினும் சுமை முழுவதும் பணியளிப்போர் மீதே விழுந்தது. விற்பனையே இல்லாத சிறு முதலாளியால் அதனைத் தாங்க இயலவில்லை. மே 18 முதல் அவ்வாணை விலக்கிக்கொள்ளப்பட்டது. ஊதியப் பிரச்சினையை இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுமாறு உச்ச நீதிமன்றம் ஜூன் 12 அன்று கூறியது. பிரிட்டனில், வேலையின்றி வீட்டிலிருக்கச் செய்யப்பட்டோரின் ஊதியத்தில் 80 விழுக்காட்டை, மாதம் 2,500 பவுண்டு வரை, தொடக்கத்தில் அரசே முதலாளி வழியாக வழங்கியது. இந்தியாவில் 100 பேர் வரை உள்ள சிறு நிறுவனங்களில், குறிப்பிட்ட நிபந்தனைகளின்படி, வருங்கால வைப்பு நிதிச் சந்தாவில் இரு தரப்புப் பங்கையும் சில மாதங்களுக்கு மத்திய அரசு செலுத்தியது. பதிவேட்டில் பெயர் இல்லாத கூலியாளரை அச்சலுகை எட்டவில்லை.

ஜூலை 6 அன்று திருவனந்தபுரம் மாநகராட்சி எல்லையில் மும்முடக்கம் விதிக்கப்பட்டது. தெருக்கள் வெறிச்சோடின. ஆனால் மூட்டை தூக்குபவரின் பதிலற்ற வினா அப்படியே இருந்தது.

இதற்கான கருவி கேரளத்தில் ஏற்கெனவே உண்டு. 1978-ஆம் ஆண்டின் சுமை தூக்கும் தொழிலாளர் சட்டத்தின்படி, திட்டம் நடைமுறையிலுள்ள பகுதிகளில் வணிகர்கள் கூலியை நல வாரியத்தில் செலுத்த, வாரியம் தொழிலாளருக்குப் பகிர்ந்தளிக்கிறது. பல முதலாளிகள் கூடி ஒரு முதலாளியாகும் ஏற்பாடு இது. நோய்க்கால விடுப்பூதியத்திற்கெனத் தனி நிதி ஒன்றை, வணிகர், அரசு ஆகிய இரு தரப்பின் பங்குடன், இவ்வாரியத்திலேயே தொடங்கலாம்.