உங்களுக்குத் தெரியுமா? பம்பாயின் 39 நிமிஷங்கள்

செம்பூர் ஸ்டேஷனில் கைக்கடிகாரத்தையும் தண்டவாளத்தையும் மாறி மாறிப் பார்த்து, மூன்று நிமிஷத்தில் வரவிருக்கும் வண்டிக்காக மூன்று யுகம் தவிப்பவர்கள், இந்த மாநகரமே ஒரு காலத்தில் தேசத்தின் கடிகாரத்தோடு ஓட மறுத்த விருத்தாந்தத்தை அறிவார்களோ?

1906 ஜனவரி முதல் தேதி இந்தியப் பொது நேரம் அமலுக்கு வந்த பின்னும், அதற்கு 39 நிமிஷம் பிந்தியதும் உள்ளூர்ச் சூரியனை அனுசரித்ததுமான ‘பம்பாய் நேர’த்தையே நகரசபை விடாது போற்றி, சுதந்திரத்துக்குப் பிறகும் சில காலம் கடைப்பிடித்தது.

24 நிமிஷம் ஒரு நாழிகை என்னும் நம் பாட்டனார் கணக்கில், அந்த வித்தியாசம் ஒன்றரை நாழிகைக்கும் சற்று மிகுதி!

கடிகார நேரம் மனிதர் வகுத்த ஏற்பாடே. முள்ளையே நோக்கும் மனத்துக்குக் கணமும் நீளும். பக்கத்துப் பெஞ்சில் மாமி பட்டாணி உரிக்கும் லாவகத்தில் லயித்தாலோ, காத்திருப்பே மறந்துபோகும்.