ஐ.ஜி.ஏ. கூடினால் என்ன? குறைந்தால் என்ன?

இரத்தப் பரிசோதனைத் தாளில் ஒரு பக்கம் அளந்து கண்ட எண் இருக்கும். அதன் அருகே ‘இயல்பு அளவு’ என்று இரண்டு எண்கள் இருக்கும். அளந்த எண் அவ்விரண்டுக்கும் வெளியே போய்விட்டால் வீட்டில் கவலை பிறக்கிறது. அந்தக் கவலை எப்போது நியாயமானது? ஐ.ஜி.ஏ. என்னும் பொருளை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

இம்யூனோகுளோபுலின் ஏ என்பதன் சுருக்கமே ஐ.ஜி.ஏ. நோய்க் கிருமிகளை எதிர்க்க உடல் ஆக்கும் எதிர்ப்பொருள்களில் இது ஒரு வகை, ஒரு புரதம். உமிழ்நீர், கண்ணீர், தாய்ப்பால், குடலின் ஈரப்பரப்பு ஆகிய இடங்களில் இதுவே முதன்மையான காவலாள். ஆனால் இரத்தத்தில் நாம் அளப்பது குடலில் சுரக்கும் ஐ.ஜி.ஏ.வை அன்று, பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையில் உண்டாகி இரத்தத்தில் கலக்கும் பங்கையே அளக்கிறோம். வளர்ந்தவர்களுக்கு 100 மில்லிலிட்டர் சீரத்தில் ஏறக்குறைய 70 முதல் 400 மில்லிகிராம் வரை இருக்கும்.

இத்தனை சிறிய அளவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இங்கேதான் இயற்பியல் நுழைகிறது. திரையரங்கில் உங்கள் தலைக்கு மேலே செல்லும் ஒளிக்கற்றையைக் கவனித்திருப்பீர்கள். காற்றிலுள்ள தூசி ஒளியைச் சிதறடிப்பதால்தான் கற்றை கண்ணுக்குத் தெரிகிறது. இதுவே டிண்டால் விளைவு. ஐ.ஜி.ஏ.வை மட்டுமே பற்றிக்கொள்ளும் வேறோர் எதிர்ப்பொருளைச் சீரத்தில் கலந்தால், இரண்டும் வலைபோல் பின்னிக்கொண்டு நுண்ணிய துகள்களாகின்றன. அவற்றின்மீது ஒளியைச் செலுத்தி, சிதறும் ஒளியை அளந்து, அளவு தெரிந்த மாதிரிகளோடு ஒப்பிடுகிறார்கள்.

இதில் ஒரு விந்தை உண்டு. ஐ.ஜி.ஏ. கூடக் கூடக் கலங்கலும் கூடும் என்றுதானே நினைப்பீர்கள்? ஓர் எல்லை வரை அப்படித்தான். கலக்கும் எதிர்ப்பொருளுக்கு இரண்டு கைகள். ஐ.ஜி.ஏ. அளவுக்கு மீறி இருந்தால் ஒவ்வொரு கைக்கும் ஒரு தனி ஐ.ஜி.ஏ. கிடைத்துவிடுகிறது, வலை பின்னவே வழியில்லை. திரவம் தெளிந்து, மிக அதிக அளவு குறைந்த அளவாகத் தோன்றிவிடும்! அதனால் ஐயம் வந்தால் சீரத்தை நீர்க்கச் செய்து மறுபடியும் அளப்பார்கள்.

இனி ‘இயல்பு’ என்ற சொல்லுக்கு வருவோம். நலமாயுள்ள பலரை அளந்து, இரு ஓரங்களிலும் நூற்றுக்கு இரண்டரைப் பேரை ஒதுக்கிவிட்டு நடுவிலுள்ள 95 பேரின் எல்லையைத்தான் பெரும்பாலும் இயல்பு என எழுதுகிறார்கள். ஆக, நலமாயுள்ளோர் நூற்றில் ஐவர் இந்தக் கணக்குப்படியே வெளியே நிற்பார்கள். வயதும் முக்கியம். நஞ்சுக்கொடி வழியே ஐ.ஜி.ஏ. செல்வதில்லை, பிறந்த குழந்தையின் இரத்தத்தில் அது ஏறத்தாழ இல்லை. பருவ வயதை ஒட்டியே முழு அளவை எட்டுகிறது. ஐந்து வயதுப் பிள்ளையின் எண்ணைப் பெரியவர்களின் அளவுகோலில் வைப்பது முறையாகாது.

அளவு கூடியிருந்தால் எல்லா வகைச் செல்களும் சேர்ந்து கூட்டினவா, ஒரே செல்லின் வழித்தோன்றல்கள் மட்டும் பெருகிக் கூட்டினவா என்பதே கேள்வி. கல்லீரல் இறுக்க நோயிலும் நாட்பட்ட தொற்றுகளிலும் முதல் வகை காணப்படும். இரண்டாவது வகை, மல்டிபிள் மைலோமா என்னும் மஜ்ஜைப் புற்றுநோயின் அறிகுறியாகலாம். மின்புலத்தில் புரதங்களை ஓடவிட்டுப் பிரிக்கும் எலெக்ட்ரோபோரெசிஸ் முறை இதைக் காட்டிவிடும்: முன்னதில் அகன்ற மேடு, பின்னதில் ஊசிபோன்ற முகடு. 1930-களில் இம்முறையைச் செம்மைப்படுத்திய ஸ்வீடன் விஞ்ஞானி டிசேலியஸ் 1948-இல் நோபல் பரிசு பெற்றார்.

குறைந்தால்? ஐரோப்பிய வழியினரில் ஏறக்குறைய 600 பேருக்கு ஒருவரிடம் ஐ.ஜி.ஏ. மிக மிகக் குறைவு. ஜப்பானியரில் இது மிக அரிது. இவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஐ.ஜி.எம். என்னும் இன்னோர் எதிர்ப்பொருள் அதன் வேலையை ஓரளவு பார்த்துக்கொள்கிறது. ஆபத்து வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. கோதுமையிலுள்ள குளூட்டன் ஒவ்வாமல் குடல் கெடும் சீலியாக் நோய், கோதுமை உண்ணும் வட இந்தியாவில் தெற்கைவிட அதிகம். அதைக் கண்டறியும் வழக்கமான சோதனை, குறிப்பிட்ட ஓர் ஐ.ஜி.ஏ. எதிர்ப்பொருளைத் தேடுவதுதான். ஐ.ஜி.ஏ.வே இல்லாத பிள்ளைக்கு அந்தச் சோதனை ‘நோய் இல்லை’ என்றுதான் சொல்லும்; பிள்ளையோ மெலிந்துகொண்டே போகும். இதனால்தான் மருத்துவர்கள் மொத்த ஐ.ஜி.ஏ.வையும் உடன் அளக்கச் சொல்கிறார்கள். அது மிகக் குறைவாக இருந்தால், ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருளைத் தேடும் சோதனைக்கு மாறிவிடுகிறார்கள்.