'ஹேண்ட் ஓவர்': கொடுப்பதும் ஒப்படைப்பதும் ஒன்றல்ல





பெரம்பலூர் பக்கம் லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் போன்ற ஊர்களிலிருந்து அரபு நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களையும் சிமெண்ட் ஆலைகளையும் நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. இரு பக்கத்தாரும் வேலையில் அடிக்கடி கேட்கும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு: 'ஹேண்ட் ஓவர்'. "பாஸ்போர்ட்டை ஹேண்ட் ஓவர் பண்ணு", "ஷிப்டை ஹேண்ட் ஓவர் பண்ணிட்டுப் போ" என்று தமிழோடு கலந்து தாராளமாகப் பேசுகிறோம். முழு ஆங்கில வாக்கியமாக எழுத வேண்டி வந்தால்தான் தடுமாறுகிறோம். ஆகவே இந்த இதழில் இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பொருள் என்ன?

தமிழில் 'பார்' என்பது வேறு, 'பார்த்துக்கொள்' என்பது வேறு. கூடவே ஒரு சிறு சொல் சேர்ந்ததும் பொருள் மாறிவிடுகிறது. ஆங்கிலத்திலும் அப்படியே. 'ஹேண்ட்' என்றால் கை. பக்கத்தில் 'ஓவர்' சேர்ந்தால் 'ஒப்படை' என்று பொருள். 'கிவ்' என்றால் வெறுமனே கொடுப்பது. 'ஹேண்ட் ஓவர்' என்னும்போது பொருளோடு அதைக் காக்கும் பொறுப்பும் கை மாறுகிறது. நம் வழக்கில் சொன்னால், அமானிதம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிறது.

மூன்று விதிகள்

1. நடந்து முடிந்ததைச் சொல்லும்போது மாற்றம் முதல் சொல்லில் வரும்: 'ஐ ஹேண்டட் ஓவர் தி கீ' (சாவியை ஒப்படைத்தேன்). பலர் 'ஹேண்ட்ஓவர்ட்' என்கிறார்கள், அது தவறு.

2. பொருளின் பெயரை ஓவருக்கு முன்னும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம். ஆனால் 'இட்', 'தெம்' போன்ற சொற்கள் நடுவில்தான் வரும்: 'ஹேண்ட் இட் ஓவர்'. 'ஹேண்ட் ஓவர் இட்' என்பது தவறு.

3. யாரிடம் என்று சொல்ல 'டு' சேர்க்க வேண்டும்: 'ஐ ஹேண்டட் தெம் ஓவர் டு தி மேனேஜர்' (அவற்றை மேலாளரிடம் ஒப்படைத்தேன்).

ஷிப்ட் மாறும்போது

ஷிப்ட் முடித்துப் போகிறவர் 'ஹேண்ட் ஓவர்' செய்கிறார்; வருகிறவர் 'டேக் ஓவர்' செய்கிறார், அதாவது பொறுப்பேற்கிறார். இதையே திருப்பிப் போட்டு 'ஓவர்டேக்' என்றால் வண்டியை முந்துவது! இடம் மாறினால் பொருளே மாறிவிடும்.

ஆலையில் ஷிப்ட் ஒப்படைப்பு வெறும் கையெழுத்து அல்ல. எந்த எந்திரம் பழுதில் நிற்கிறது, யார் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறார் என்பதை அடுத்தவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். 'தி பம்ப் இஸ் அண்டர் ரிப்பேர். டோன்ட் ஸ்டார்ட் இட்' (பம்ப் பழுதுபார்ப்பில் இருக்கிறது, இயக்காதீர்கள்) என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவைத்தால் ஓர் உயிர் பிழைக்கும்.

பாஸ்போர்ட் விஷயத்தில்

வெளிநாட்டில் இறங்கியதும் தங்கும் அனுமதி பதிவதற்காக நிறுவனத்தார் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். அதற்காகக் கொடுப்பதில் தவறில்லை. வேலை முடிந்ததும் அது நம் கைக்குத் திரும்ப வேண்டும். நமது 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. எந்த முதலாளியும் அடமானம்போல் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. கத்தாரின் 2015ஆம் ஆண்டு 21ஆம் எண் சட்டம், அனுமதிப் பதிவு முடிந்ததும் பாஸ்போர்ட்டைத் தொழிலாளியிடம் திரும்பக் கொடுக்கச் சொல்கிறது. தொழிலாளியே எழுத்து மூலம் கேட்டால் மட்டும் நிறுவனம் வைத்திருக்கலாம். ஆகவே புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சவூதி அரேபியாவிலும் அமீரகத்திலும்கூட முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கத் தடை உண்டு.

கொடுக்கும் அன்றே, யாரிடம் கொடுத்தோம் என்ற பெயரையும் தேதியையும் சேர்த்து ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்:

'ஐ ஹேண்டட் ஓவர் மை பாஸ்போர்ட் டுடே ஃபார் விசா ஸ்டாம்பிங்.' (விசா பதிவுக்காக இன்று என் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தேன்.)

திரும்பக் கேட்க 'ஓவர்' இருந்த இடத்தில் 'பேக்' போடுங்கள்:

'ப்ளீஸ் ஹேண்ட் இட் பேக்.' (தயவுசெய்து திரும்பக் கொடுங்கள்.)

திரும்பி வராவிட்டால் இந்தியத் தூதரகத்துக்கோ, வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்துக்கோ இப்படி எழுதுங்கள்:

'ஐ ஹேண்டட் ஓவர் மை பாஸ்போர்ட் டு மை எம்ப்ளாயர். ஹி ஹாஸ் நாட் ஹேண்டட் இட் பேக்.' (முதலாளியிடம் ஒப்படைத்தேன், அவர் திரும்பக் கொடுக்கவில்லை.)

இங்கே ஒரு எச்சரிக்கை. "பாஸ்போர்ட் என் கையில் இல்லை" என்ற நினைப்பில் சிலர் 'ஐ லாஸ்ட் மை பாஸ்போர்ட்' என்று எழுதிவிடுகிறார்கள். அதற்குத் தொலைத்துவிட்டேன் என்று பொருள். உடனே போலீஸ் புகார், புதுப் பாஸ்போர்ட் என்று வழக்கு வேறு பாதையில் போய்விடும். பிடித்து வைத்திருப்பவரை யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு சொல்லில் குற்றம் நம் தலையில் விழுந்துவிடுகிறது.

இன்னும் இரண்டு

'ஹேண்ட் இன்': விடைத்தாள், விண்ணப்பம் போன்றவற்றை உரியவரிடம் கொடுப்பது. 'ஹேண்ட் இன் யுவர் ஃபார்ம்ஸ்' (படிவங்களைக் கொடுங்கள்).

'ஹேண்ட் அவுட்': பலருக்குப் பகிர்ந்து கொடுப்பது. துண்டுப் பிரசுரத்துக்கு இது சரி. ஆனால் உதவி பெறுவோரைப் பற்றி 'ஹேண்ட்அவுட்' என்று எழுதினால் இலவசத்துக்குக் கையேந்துபவர் என்ற இளக்காரம் தொனிக்கும். நோட்டுப் புத்தகமோ அரிசியோ வழங்கியதை ஆங்கிலத்தில் எழுதும்போது நம் ஜமாஅத்தார் 'டிஸ்ட்ரிபியூட்' என்று எழுதுவதே மரியாதை.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. நம்பிக்கை இருக்கும் இடத்திலும் எழுத்து வேண்டும் என்பது நமக்குப் புதிய பாடம் அல்ல. ஒப்படைக்கிறவர் எழுதி வைக்கட்டும். பெறுகிறவர் திருப்பிக் கொடுக்கட்டும். மேலே உள்ள வாக்கியங்களை வீட்டுப் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

நம் பிள்ளைகளின் உழைப்பையும் உரிமையையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.