எத்தியோப்பியப் புரட்சி

நம் முன்னோர் அபிசீனியா என்று வழங்கிய எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவில், அரண்மனையொன்று சர்வகலாசாலையாக விளங்குகின்றது. ஹெய்லி செலாசி சக்கரவர்த்தி தாம் வாழ்ந்த அம்மாளிகையை 1961-ஆம் ஆண்டில் கல்விக்கென ஈந்தார். நான்கு ஆண்டு கழியுமுன், அங்குப் பயின்ற மாணாக்கரே 'உழுபவனுக்கே நிலம்' என்று முழங்கி வீதிக்கு வந்தனர். அம்முழக்கத்தின் காரணம் யாது, முழங்கியவர் பெற்ற பயன் யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நிலமே மூலகாரணம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் மெனலிக் தென்னாடுகளை வென்று, நிலங்களைத் தம் படைத்தலைவர்க்கும் வீரர்க்கும் பகிர்ந்தளித்தார். வழிவழியாக உழுதுவந்த குடிகள் வாரக்குடிகளாயினர். விளைவில் பாதியையும், சிலவிடத்து அதனினும் மிகுதியையும் நிலக்கிழார்க்கு அளந்தனர். குறை தீர்க்க வேண்டிய பார்லிமெண்டிலோ நிலக்கிழார் கையே ஓங்கியிருந்தது. சக்கரவர்த்தி சாலோமோன் அரசருக்கும் சேபா நாட்டரசிக்கும் பிறந்தவரின் வழித்தோன்றல் என்றும், அவர் திருமேனி புனிதமானதென்றும் 1955-ஆம் ஆண்டு அரசியற்சட்டம் விதித்திருந்தது.

ஆயினும் அவரைக் கொடுங்கோலர் என்று ஒரு சொல்லால் தள்ளுதல் நியாயமன்று. இத்தாலியரால் நாடிழந்து, 1936-இல் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின்முன் நின்று முறையிட்டவர் அவரே. பள்ளிகளை நிறுவி, நம் இந்தியாவிலிருந்தும் ஆசிரியரை வரவழைத்தவரும் அவரே. கல்வியைத் தந்தார்; நிலத்தைத் தொட அஞ்சினார். தீங்கு அங்கேதான் விளைந்தது.

1972, 1973-ஆம் ஆண்டுகளில் வோலோ மாகாணத்தில் மழை பொய்த்துப் பல்லாயிரவர் பசியால் மடிந்தனர். அரசாங்கம் அதனை மறைத்தது. 1974 ஜனவரியில், நெகேலி என்னும் தென்பாளையத்தில், நல்லுணவும் நீருமின்றி வருந்திய வீரர் கலகம் விளைத்து, சமாதானம் பேச வந்த சேனாபதியைப் பிடித்துத் தாம் உண்பதையே உண்ணச் செய்தனர். அடுத்த மாதம் பெட்ரோல் விலை ஏறவே, தலைநகரில் டாக்ஸி ஓட்டுவோர், ஆசிரியர், மாணவர் யாவரும் எழுந்தனர். அவர்களுக்குக் கட்சி இல்லை, தலைவரும் இல்லை. ஆயுதமும் ஒழுங்கும் படையினரிடமே இருந்தன. ஆகவே ஜூன் மாதத்தில் கீழ்நிலை அதிகாரிகள் கூடி அமைத்த 'தெர்க்' என்னும் குழுவே அதிகாரத்தைக் கைக்கொண்டது. செப்டம்பர் 11-ஆம் நாள் இரவு, பஞ்சத்தின் படத்தை அரண்மனை விருந்துக் காட்சிகளோடு இணைத்துத் தொலைக்காட்சியில் காட்டினர். மறுநாட் காலையில், 82 வயது நிரம்பிய சக்கரவர்த்தியைச் சிறியதொரு வோக்ஸ்வாகன் காரில் ஏற்றிக் கொண்டுசென்றனர்.

நவம்பரில், முன்னாட் பிரதம மந்திரிகள் இருவர் உட்பட ஏறக்குறைய 60 பேர் விசாரணையின்றிச் சுடப்பட்டனர். டிசம்பரில் சமதர்மம் பிரகடனமாயிற்று. 1975 மார்ச்சில் வாரமுறை ஒழிந்தது. ஒரு குடும்பத்திற்குப் பத்து ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் இல்லையென்று சட்டம் பிறந்தது. தலைநகரில் மக்கள் திரண்டு களித்தனர். அக்களிப்பில் குற்றம் காண்பார் யார்?

ஆனால் படையாட்சி வேண்டா, மக்களாட்சியே வேண்டும் என்ற மாணவரை, மெங்கிஸ்து ஹெய்லி மரியாமின் அரசாங்கம் வேட்டையாடிற்று. 1977, 1978-ஆம் ஆண்டுகளின் 'சிவப்புப் பயங்கரத்தில்' ஆயிரக்கணக்கான இளைஞர் மாண்டனர்; பிணங்கள் வீதியிற் கிடந்தன. உழவரோ, தானியத்தை அரசாங்கம் குறித்த குறைந்த விலைக்கு விற்குமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். உள்நாட்டுப் போரும் வறட்சியும் சேர, 1984-இல் அதே வோலோவில் முன்னினும் கொடிய பஞ்சம் தோன்றிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் அடிஸ் அபாபா புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவை வெகு ஆடம்பரமாகக் கொண்டாடிக்கொண்டிருந்தது.

1991 மே மாதத்தில் மெங்கிஸ்து ஸிம்பாப்வேக்கு ஓடினார். காவலில் 1975-இல் இறந்த சக்கரவர்த்தியின் எலும்புகள் 1992-இல் அரண்மனை நிலத்தடியில் அகப்பட்டு, 2000-ஆம் ஆண்டில் தேவாலயத்தில் அடக்கம் பெற்றன. 1995-ஆம் ஆண்டு அரசியற்சட்டமோ நிலத்தை அரசுக்கும் மக்களுக்கும் பொதுவுடைமையாகவே வைத்தது. அந்நாட்டு உழவன் தன் வயலை உழலாம், மக்களுக்கு விட்டுச் செல்லலாம், விற்றல் இயலாது.