பசு கட்டிய கயிறும் மாமாவின் காரும்

மழை பிடித்துக்கொண்ட ஒரு விடியற்காலை. பாறசாலையில் மாமா வீட்டு முற்றத்தில் நிற்கிறேன். மாமா கார் சாவியைத் திருப்பியதும் ‘கீ...ச்’ என்று காது கூசும் ஒரு சத்தம். தொழுவத்துப் பசு மிரண்டு, தென்னையில் கட்டியிருந்த கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்தது. கயிறு அசையவில்லை. மாமா காரை நிறுத்திவிட்டு, “பெல்ட்டு வழுக்குதுல்லா மக்கா” என்றார்.

கயிறு வழுக்கவில்லை. பெல்ட் வழுக்கிவிட்டது. ஏன் என்பதுதான் இந்தக் கதை.

பாறசாலை கேரளத்தின் தென்முனை. அடுத்த ஊரான களியக்காவிளை தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று களியக்காவிளை இருக்கும் விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர, பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லை வந்தாலும் பேச்சு பிரியவில்லை. நாம் கயிறு என்பதைப் பக்கத்து வீட்டுச் சேச்சி ‘கயர்’ என்பார். தேங்காய் நாரைத் திரித்துக் கயிறாக்குவது இரண்டு பக்கமும் தெரிந்த வேலை. பூவாற்றில் நெய்யாறு கடலைத் தொடும் இடத்துக்குப் போனால், படகுக்காரர் கயிற்றைக் கரையில் நட்ட குற்றியில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, முனையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். ஆறு படகை இழுக்கிறது. அவரோ சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். அவ்வளவு பலம் அவருக்கு எங்கிருந்து வந்தது?

வீட்டில் செய்து பாருங்கள். வழவழப்பான உருண்டைக் கம்பு ஒன்றை உருளாதபடி இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கட்டுங்கள். அதன்மேல் ஒரு கயிற்றைப் போட்டு, ஒரு முனையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடுங்கள். அது ஏறக்குறைய ஒரு கிலோ. மறுமுனையில் ஒரு சிறு பை. பாட்டில் கீழே நழுவாதிருக்கப் பையில் எவ்வளவு கல் போட வேண்டும்? இப்போது கயிறு கம்பின்மேல் அரைச் சுற்றுதான் படிந்திருக்கிறது. உராய்வின் அளவைக் காட்டும் உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால் சுமார் 390 கிராம் தேவை. கயிற்றை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி ஒன்றரை ஆக்குங்கள். 60 கிராம் போதும்! இரண்டரைச் சுற்றில் வெறும் 9 கிராம். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். உங்கள் கயிறும் கம்பும் வேறாக இருந்தால் எண்கள் கொஞ்சம் மாறும். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் பிடி கூடிக்கொண்டு போகாமல் பெருகிக்கொண்டு போவதை நீங்களே காண்பீர்கள். 18-ஆம் நூற்றாண்டில் லியோனார்டு ஆய்லர் என்ற சுவிட்சர்லாந்து கணித மேதை இந்தப் பெருக்கலுக்குச் சூத்திரம் எழுதினார். எனக்கு மிகப் பிடித்த சூத்திரங்களில் அது ஒன்று. அதைப் படிக்காமலே பூவாற்றுப் படகுக்காரர் கையில் வைத்திருக்கிறார்.

இனி காருக்கு வருவோம். இஞ்சினின் கிராங்க் தண்டில் ஒரு கப்பி. மெக்கானிக்குகள் அதைப் புல்லி என்பார்கள். மாமாவின் பழைய சிறிய காரில் ஒரு ரப்பர் பெல்ட் அந்தப் புல்லியிலிருந்து போய் வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது. பம்ப், இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைத் தள்ளுகிறது. ஆல்டர்னேட்டர் மின்சாரம் உண்டாக்குகிறது. 14 வோல்ட்டில் 60 ஆம்பியர் கொடுத்தால் 840 வாட். ஒரு குதிரைத்திறனே 746 வாட்தான். கட்டைவிரல் அகலம்கூட இல்லாத ஒரு பட்டை, உராய்வை மட்டும் நம்பி அத்தனையையும் இழுக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல். குற்றியில் சுற்றுவதுபோல் புல்லியில் மூன்று சுற்றுச் சுற்ற முடியாது. அரைச் சுற்று கிடைத்தாலே பெரிது. விறகு பிளக்கும்போது ஆப்பு இறுகி மாட்டிக்கொண்டு வராமல் அடம்பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த ஆப்பின் வடிவத்தைத்தான் பெல்ட்டுக்குக் கொடுத்தார்கள். 1917-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் ரப்பரையும் நூலையும் சேர்த்து ‘வி’ வடிவ பெல்ட் செய்தார். பெல்ட் பள்ளத்துக்குள் இறங்கி இரண்டு பக்கச் சுவரையும் நெருக்கும். சுவர்களுக்கு நடுவே 40 பாகைக் கோணம் இருந்தால் பிடி ஏறக்குறைய மூன்று மடங்கு. அதாவது அரைச் சுற்றிலேயே ஒன்றரைச் சுற்றின் பிடி! இன்றைய பெல்ட்டில் இப்படிச் சின்னச் சின்ன ஆப்புகள் வரிவரியாக இருக்கும்.

பெல்ட்டால் வேகத்தையும் மாற்றலாம். நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் போகும் வழியில் பாலராமபுரம் இருக்கிறது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மா காலத்தில் தமிழ்ப்பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர் என்ற நெசவாளர்கள் நெசவை வளர்த்த ஊர். தறிக்கு நூல் சுற்றும் ராட்டையை உற்றுப் பாருங்கள். பெரிய சக்கரத்திலிருந்து ஒரு கயிறு கதிர் என்ற சிறிய தண்டுக்குப் போகும். சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் கதிர் பல சுற்றுச் சுற்றிவிடும். காரிலும் கிராங்க் புல்லி பெரியது, ஆல்டர்னேட்டர் புல்லி சிறியது. அதனால் இஞ்சினைவிட ஆல்டர்னேட்டர் இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் சுழல்கிறது.

அன்று காலை மாமாவின் காரில் மழை ஈரம் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே மெல்லிய ஏடாகப் படிந்திருந்தது. பெல்ட் பிடித்து விட்டு, பிடித்து விட்டு அதிர்ந்ததுதான் அந்தக் கீச்சு. ஈரம் மட்டும் காரணமென்றால் காய்ந்ததும் சத்தம் நின்றுவிடும். மாமாவின் காரில் மதியமும் நிற்கவில்லை.

இஞ்சின் ஆறிய பிறகு மாமா சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். இந்த இரண்டும் முடியும்வரை என்னை அருகில் விடவில்லை. நீங்களும் பெரியவர்கள் இல்லாமல் பானெட்டைத் திறக்கக் கூடாது. இஞ்சின் ஓடும்போது விரல், துப்பட்டா, பின்னல் எதுவும் பெல்ட்டின் பக்கம் போகக் கூடாது. அது இழுத்தால் விடாது.

டார்ச் அடித்துப் பார்த்தோம். பழைய வகை ரப்பர் என்றால் முதுமை வெடிப்பாகத் தெரியும். இப்போது வரும் செயற்கை ரப்பர் எளிதில் வெடிக்காது. டயர் தேய்வதுபோலத் தேயும். எங்கள் பெல்ட்டில் ஒரு வெடிப்பும் இல்லை. “நல்லாத்தானே இருக்கு, மாமா?” என்றேன். அவர் புதுப் பெல்ட்டைப் பக்கத்தில் வைத்தார். பழையதன் பள்ளங்கள் அகன்றிருந்தன, ஆப்புகள் மெலிந்திருந்தன. பக்கச் சுவரை நெருக்க வேண்டியது, புல்லியின் முகட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது. நெருக்கம் போனதும் பிடியும் போயிற்று.

புதுப் பெல்ட்டின் முதுகில் இருக்கும் எழுத்தை வாசிக்க எனக்குச் சொல்லித்தந்தார். ‘4 பி.கே. 800’ என்றிருந்தால் நான்கு வரி, 800 மில்லிமீட்டர் நீளம். பி.கே. என்பது வரியின் அளவு: ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடுவரை 3.56 மில்லிமீட்டர். நான்கால் பெருக்கினால் அகலம் வந்துவிடும்.

கழற்றும் முன் பெல்ட் போகும் வழியை நான் நோட்டில் வரைந்தேன். மாமா ஆல்டர்னேட்டரின் போல்ட்டுகளைத் தளர்த்தி அதை உள்ளே தள்ள, பெல்ட் தொய்ந்து கையோடு வந்தது. பம்பையும் ஆல்டர்னேட்டரையும் கையால் சுழற்றி, கரகரப்பு இருக்கிறதா என்று காது கொடுத்தார். இல்லை. புதியதைப் போட்டு, ஒவ்வொரு வரியும் அதனதன் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று விரலால் தடவினார். ஒரு வரி தள்ளி உட்கார்ந்தாலும் சீக்கிரம் கிழிந்துவிடுமாம். பிறகு ஆல்டர்னேட்டரை வெளியே இழுத்து முறுக்கினார். நீளமான பகுதியின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் எத்தனை மில்லிமீட்டர் தாழலாம் என்பது கார்ப் புத்தகத்தில் இருக்கிறது. தொய்ந்தால் வழுக்கும், அளவுக்கு மீறி இறுகினால் பம்பின் பேரிங் கெடும். (முறுக்க இடமே இல்லாமல் தானே இறுகும் பெல்ட்டுகளும் உண்டு. அவற்றுக்குத் தனிக் கருவி வேண்டும். மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது.)

வயரை மாட்டி, என்னைக் கிணற்றடியில் நிற்கச் சொல்லிவிட்டு மாமா சாவியைத் திருப்பினார். இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. ஹெட்லைட்டைப் போட்டார், அப்போதும் கீச்சு இல்லை. பசு தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கோலுக்குப் போனது.

பழைய பெல்ட்டை எனக்கே தந்தார். கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். கறுப்பு ரப்பருக்குள் வெள்ளையாகப் புள்ளிகள். நகத்தால் ஒன்றைப் பிடித்து இழுத்தேன்; முறுக்கிய நூல் ஒன்று நீளமாக வந்தது. உள்ளே இருந்ததும் கயிறுதான்.