நிலா வெளிச்சத்திலும் தேனீ தேன் எடுக்கும், தெரியுமா?

பங்குனி உத்திரத்தன்று காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் திருக்கல்யாணம். முழு நிலா! அந்த வெளிச்சம் போதும், மலைத்தேனீ பூத் தேடிப் பறந்துவிடும். தேனீ பகலில்தான் வேலை செய்யும் என்றுதானே நினைத்திருந்தோம்? உயரமான கட்டடங்களிலும் பெரிய மரக்கிளைகளிலும் ஒரே ஒரு அடையைத் தொங்கவிடுகிறதே, அதே இனம். பெட்டியில் வைத்து வளர்க்க முடியாத தேனீ. 'பூச்சிமருந்தைச் சாயங்காலம் அடி, அதற்குள் தேனீ கூடு திரும்பிவிடும்' என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் நிலாக் காலத்தில் அது மட்டும் போதாது!

ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தையே தல விருட்சமாகக் கொண்டது. மா பூத்தால் தத்துப்பூச்சி வரும், உடனே இமிடாகுளோபிரிட் தெளிப்பார்கள். ஒரு தேனீ சாக அது எவ்வளவு உள்ளே போக வேண்டும் தெரியுமா? ஏறத்தாழ 4 நானோகிராம் போதும். ஒரு கிராமில் 100 கோடி நானோகிராம்! தெளிக்காமல் வேரில் ஊற்றினால்? சாறோடு மேலேறி மகரந்தத்துக்கும் பூந்தேனுக்கும் வந்துவிடும்.

2013 ஜூன். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் வில்சன்வில் என்ற ஊர். கடை ஒன்றின் வாகன நிறுத்தத்தில் லிண்டன் மரங்கள் பூத்துக் குலுங்கின. அசுவினி வந்ததென்று, இமிடாகுளோபிரிட் வகையையே சேர்ந்த டினோடெஃபியூரான் தெளித்தார்கள். மரத்தடியில் பம்பிள் தேனீக்கள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. 50,000 இருக்கும் என்று கணக்கிட்டார்கள்! மிச்சத்தையாவது காப்பாற்ற மரங்களுக்கே வலை போர்த்தினார்கள். பிறகு அந்த மாநிலம், லிண்டன் மரங்களில் இவ்வகை மருந்துகளுக்குத் தடையே போட்டது. ஒரு நாள் தெளிப்பு செய்த வேலை அது!

தேனீக்கு மட்டுமா ஆபத்து? நம் பட்டும் ஒரு பூச்சி தந்ததுதானே? மருந்து பட்ட மல்பெரி இலையைத் தின்றால் பட்டுப்புழு பிழைக்காது. அதனால் வளர்ப்பவர்கள் நாள் கணக்குப் பார்த்துத்தான் இலை பறிக்கிறார்கள். 2008இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரியையும் சூறையாடியது. அதை அடக்கியது எது தெரியுமா? 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த, கண்ணுக்கே சரியாகத் தெரியாத குட்டிக் குளவி!

பங்குனி, சித்திரையில் புங்கமும் வேம்பும் பூக்கும். பூத்த மரத்தில் மருந்து வேண்டாம். தெளித்தே ஆக வேண்டுமென்றால் காய் பிடிக்கும்வரை பொறுங்கள். தெளிக்க வருபவரிடமும் பக்கத்து வீட்டிலும் இன்றே சொல்லிவையுங்கள்.