முதலிடத்துச் சண்டையும் இரண்டாமிடத்துப் படமும்

ஆண்டு முடியும் வேளையில் அமெரிக்கப் பத்திரிகைகளின் திரைப்பட விமர்சகர்கள் அவ்வாண்டின் சிறந்த பத்துப் படங்களைத் தெரிவுசெய்து வெளியிடுவது நெடுங்கால வழக்கம். பட்டியல் வெளியான மறுநாளே ரசிகர்கள் வழக்காடத் தொடங்கிவிடுவர். சிவாஜியா எம்.ஜி.ஆரா என்று தேநீர்க்கடை வாங்குகளில் பொழுது சாயும்வரை வாதிட்ட நம்மவர்க்கு இது புதினமன்று. ஆயினும் 2005ஆம் ஆண்டுப் பட்டியலொன்றைச் சுற்றி எழுந்த வழக்கு, நடிகர் அபிமானத்தால் விளைந்த ஒன்றன்று. பிறந்த மண்ணைவிட்டு வந்தவர்களைத் திரைப்படம் எவ்வாறு காட்டுகிறது என்ற வினாவும் அதனுள் அடங்கியிருந்தது. அதனாலேயே அதனை இங்கு எழுத நேர்ந்தது.

பட்டியலுக்குரியவர் றோஜர் ஈபேர்ட். 1967ஆம் ஆண்டு முதல் 'சிக்காகோ சன்-ரைம்ஸ்' நாளேட்டில் எழுதிவந்தவர். 1975இல் புலிற்சர் பரிசைப் பெற்ற முதலாவது திரைப்பட விமர்சகர். ஜீன் சிஸ்கெலுடன் தொலைக்காட்சியில் தோன்றி, பெருவிரலை உயர்த்தியும் தாழ்த்தியும் படங்களுக்குத் தீர்ப்புக் கூறியவர் என்றால் பலருக்கு நினைவு வரக்கூடும். 2005இன் தலைசிறந்த படமாக அவர் தெரிந்தெடுத்தது போல் ஹக்கிஸ் இயக்கிய 'கிறாஷ்'. இரண்டாமிடம் 'சிரியானா'வுக்கு, மூன்றாமிடம் 'மியூனிக்'குக்கு. அங் லீயின் 'புறோக்பக் மவுண்டன்' ஐந்தாமிடத்தில் இருந்தது.

ஹக்கிஸ் கனடாவிற் பிறந்தவர். 1991இல் லொஸ் ஏஞ்சல்ஸில் துப்பாக்கி முனையில் அவரது மோட்டார் வாகனம் பறிக்கப்பட்டது. அந்த அனுபவமே படத்துக்கு வித்து. வெள்ளைப் பொலிஸ்காரர், கறுப்பினத் தொலைக்காட்சி இயக்குநர், அரசாங்க வழக்குத்தொடுநர், அவரது மனைவி, வாகனம் பறிக்கும் இளைஞர் இருவர், பூட்டுத் திருத்துபவர், ஈரானியக் கடைக்காரர் ஆகியோர் ஏறத்தாழ ஒன்றரை நாளுக்குள் ஒருவரோடொருவர் மோதிக்கொள்கின்றனர். அனைவரிடமும் இனவெறுப்பு உண்டு. அனைவரிடமும் ஈரமும் உண்டு. இப்படத்தைப் பார்ப்பவர் தம்மைப் போலல்லாத மனிதர்மீது சற்றேனும் கூடுதலான பரிவு கொள்வர் என்று ஈபேர்ட் அது வெளியான 2005 மே மாதத்திலேயே எழுதியிருந்தார்.

'எல்.ஏ. வீக்லி' விமர்சகர் ஸ்கொட் ஃபவுண்டஸ் அதே படத்தை அவ்வாண்டின் மிக மோசமான படம் என்றார். 2006 ஜனவரியில் ஈபேர்ட் அதற்கு விரிவான மறுப்பு எழுதினார். தற்செயல் நிகழ்வுகளால் கதை நகர்வதும், மாந்தர் ஒவ்வொருவரும் ஒரு வகையினரின் அடையாளமாக நிற்பதும் குற்றமெனின் சாள்ஸ் டிக்கன்ஸும் குற்றவாளியே என்பது அவரது வாதத்தின் சாரம். டிக்கன்ஸை மாணவர்க்குக் கற்பித்தவன் என்ற முறையில் இவ்வாதத்தை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. டிக்கன்ஸ் எண்ணூறு பக்கம் எடுத்துக்கொள்கிறார். தற்செயலாகச் சந்திப்பவர்கள் அடுத்த அத்தியாயத்தில் வாடகை கொடுக்கவும் கடன் அடைக்கவும் வேண்டியவர்களாகவே இருக்கின்றனர். 'கிறாஷ்' 112 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆயினும் ஈபேர்ட் தமது தெரிவுக்குக் காரணம் கூறினார், எதிர்த்தவரின் கருத்தை எடுத்துக்காட்டிப் பதிலளித்தார் என்பதை மறுப்பதற்கில்லை. பட்டியலிடும் விமர்சகர் எல்லோரும் இதனைச் செய்வதில்லை.

2006 மார்ச் 5ஆம் நாள் சண்டை உச்சத்தை அடைந்தது. வெனிஸ் விழாவின் பொற்சிங்கமும் கோல்டன் குளோப்பும் பெற்றிருந்த 'புறோக்பக் மவுண்டன்' வெல்லும் என்றே பலரும் எதிர்பார்த்திருந்தனர். சிறந்த படத்துக்கான ஒஸ்கார் 'கிறாஷ்'ஷுக்கே சென்றது. ரசிகர்கள் தாமே பணம் திரட்டி 'டெய்லி வெரைட்டி'யில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டு, தோற்ற படத்தை ஆக்கியோருக்கு நன்றி கூறினர். மூலக்கதையை எழுதிய அனி புறூ 'கார்டியன்' இதழில் எள்ளி நகையாடினார். இரு ஆண்களின் காதலைக் காண வாக்காளர்க்கு மனம் கூசியது என 'லொஸ் ஏஞ்சல்ஸ் ரைம்ஸ்' விமர்சகர் கென்னத் ரூரன் எழுதினார். அந்த ஆற்றாமையை வெறும் ரசிகர் பிடிவாதம் என்று ஒதுக்குதல் தகாது. தன்பாலினக் காதலை நடுவாகக் கொண்ட 'மூன்லைட்' அவ்விருதைப் பெற 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் 'புறோக்பக்'குக்கு முழு நான்கு நட்சத்திரங்களை வழங்கிய ஈபேர்ட்டை அதன் எதிரியாகக் கருதியது எவ்வகை நீதியோ தெரியவில்லை.

இவ்வளவு ஆரவாரத்துக்கிடையில் நம் போன்றோர் கவனிக்க வேண்டியவர் அந்த ஈரானியக் கடைக்காரரான ஃபர்ஹாத். துப்பாக்கி வாங்கச் செல்லுமிடத்தில் அவரை 'ஒசாமா' என்றழைத்து வெளியேற்றுகின்றனர். பூட்டை மாற்றியவர் கதவையே மாற்றவேண்டும் என்கிறார். ஃபர்ஹாத் தம்மை ஏமாற்றப் பார்க்கிறார் என்றெண்ணிச் சினக்கிறார். அன்றிரவே கடை சூறையாடப்படுகிறது. சுவரில் அராபியருக்கெதிரான வசைகள். பாரசீகர் எப்போது அராபியராயினர் என்று மனைவி சுவரைத் தேய்த்துக் கழுவியவாறே கேட்கிறார். கதவைத் திருத்தாதது அசட்டையீனம் என்று கூறிக் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுத்துவிடுகிறது.

இது கற்பனையின் மிகையன்று. 2001 செப்டெம்பர் 15ஆம் நாள் அரிசோனா மாநிலத்தின் மேசா நகரில் எரிபொருள் நிலையம் நடத்திய சீக்கியர் ஒருவர், தலைப்பாகையைக் கண்டு அராபியரென எண்ணிய ஒருவனாற் சுட்டுக் கொல்லப்பட்டார். இலண்டன் தெருக்களில் 'பாக்கி' என்று ஏசப்பட்ட தமிழருக்கு அந்தச் சுவரின் எழுத்துக்களை எவரும் மொழிபெயர்த்துக் கூறவேண்டியதில்லை.

இதுவரை படம் உண்மை பேசுகிறது. பின்னர் ஃபர்ஹாத் பூட்டுத் திருத்துபவரின் வீடு தேடிச் சென்று சுடுகிறார். சிறுமி தந்தையைக் காக்கப் பாய்ந்து குறுக்கே வருகிறாள். மகள் வாங்கி வைத்திருந்தவை வெற்றுத் தோட்டாக்களாதலால் எவருக்கும் காயமில்லை. சிறுமி தமது காவல் தேவதை என்று நம்பி ஃபர்ஹாத் அமைதியடைகிறார். திரையரங்கில் கண்ணீர் விடாதோர் அரிது. ஆனால் கடையை உடைத்தவன் யார்? காப்புறுதிப் பணம் என்னவாயிற்று? நாளை கடை திறக்குமா? படம் இவற்றைக் கேட்பதில்லை. அற்புதம் ஒன்று நிகழ்ந்ததால் எல்லோருடைய கணக்கும் தீர்க்கப்பட்டுவிடுகிறது. ஈபேர்ட் கூறிய பரிவு பார்வையாளர் நெஞ்சில் ஊறியிருக்கலாம். அதனால் ஃபர்ஹாத்துக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை.

இன்னொரு காட்சியும் உண்டு. பறிக்கப்பட்ட வாகனமொன்றினுள் கடத்திவரப்பட்ட ஆசியர் பலர் அடைக்கப்பட்டிருக்கின்றனர். அவர்களை விற்க மறுத்த இளைஞன் சீன வணிகத் தெருவில் இறக்கிவிட்டு, ஒருவர் கையில் 40 டொலரைத் திணித்துச் செல்கிறான். அவர்களுக்குப் பெயரில்லை. திருந்தியவன் அவன், திருந்துவதற்குத் துணைப்பொருளாயினோர் அவர்கள். மறுநாட் காலை எங்கே செல்வது, எந்த அலுவலகத்தில் எந்த மொழியில் என்ன சொல்வது என்பது இதனைப் படிக்கும் பலருக்குத் தெரியும். திரைக்கதை எழுதியவர்கள் அதுபற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

காலம் இவ்வழக்கில் தன் பங்கைச் செய்தது. 2009இல் எழுத்தாளர் ரா-நெஹிசி கோட்ஸ், 'கிறாஷ்' பத்தாண்டின் மிக மோசமான படம் என்றார். 2015இல் 'ஹொலிவூட் றிப்போட்டர்' அக்கடமி உறுப்பினரிடம் மீண்டும் வாக்குக் கேட்டபோது 'புறோக்பக்' முன்னிலை பெற்றது. அவ்வாண்டே ஹக்கிஸும் தமது படம் அவ்வாண்டின் சிறந்த படமென்று தாம் கருதவில்லை எனக் கூறினார். ஈபேர்ட் 2013 ஏப்ரலில் காலமாகிவிட்டார்.

முதலிடத்துக்கும் ஐந்தாமிடத்துக்கும் நடந்த போரில் இரண்டாமிடத்துப் படத்தை மறந்துவிட்டனர். ஸ்டீவன் கேகன் இயக்கிய 'சிரியானா' எண்ணெய் வணிகத்தின் சூதுகளைப் பேசும் படம். சிக்கலானது, ஒருமுறை பார்த்தால் விளங்காது. அதில் வளைகுடா நாடொன்றின் எண்ணெய்த் தலத்தில் தந்தையுடன் கூலிவேலை செய்யும் வசீம் என்னும் பாகிஸ்தானிய இளைஞன் வருகிறான். நிறுவனம் கைமாறுகிறது, வேலை போகிறது, வேலையோடு அந்நாட்டில் வசிக்கும் உரிமையும் போகிறது. குடிவரவு வரிசையில் நிற்கையிற் பேசியதற்காக அடி விழுகிறது. உணவும் மரியாதையும் கிடைக்கும் மதப்பள்ளியை நாடிச் சென்று, ஈற்றில் தற்கொலைத் தாக்குதலில் மடிகிறான். தோட்டா வெற்றாகும் அற்புதம் எதுவும் அங்கு நிகழ்வதில்லை. அவன் செயலைப் படம் நியாயப்படுத்தவுமில்லை. அவன் எந்த வரிசையில் நின்று வந்தான் என்பதை மறைக்கவுமில்லை. என் கணிப்பில் முதலிடம் அதற்கே உரியது. ஈபேர்ட் ஓரிடம் பின்னே வைத்துவிட்டார். அதற்காக எவரும் அவருடன் சண்டையிட்டதாக என் கண்ணிற்படவில்லை.